கூரை ஒட்டின வேகன்

"கூரையை எதுக்குடா அதுக்குள்ள ஒட்டினே?"

சிவாஜிநகர் போற பஸ். முன் சீட்டில் அண்ணன் தம்பி இரண்டு பேர். தம்பி மடியில் கையளவு நேரோகேஜ் கூட்ஸ் வேகன் மாடல். கிட் வாங்கி வீட்டில் ஒட்டிச் செய்தது.

"கனத்துக்கு உள்ளே ஈயம் வெச்சுட்டுத்தானே கூரை? இது ஊதினாலே கவுந்துடும். பிச்சு எடு."

"மாட்டேண்ணா. எம் பெண்டாட்டி கடைசியா ஒட்டினது."

தம்பி கூரையை விரலால் தடவினான்.

"ஈயம் வாங்கியாரேன்னு போனவன் கேரம் ஆட உக்காந்துட்டேன். நான் வருவேன்னு பாத்துப் பாத்து அவளே ஒட்டிட்டா. அடுத்த வாரம் ஆஸ்பத்திரி. திரும்பி வரவேயில்ல."

அண்ணன் வேகனை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"அடியில ஒட்டிக்கலாம்டா. கூரையைத் தொட வேணாம். இறங்கினதும் ஈயம் வாங்கலாம்."

"அன்னிக்கே வாங்கியிருக்கணும்ணா."