களைப்புன்னு எழுதுங்க

— காய்ச்சல்னு சொல்லிடு. ஒரே வார்த்தை. வேணும்னா நான் பின்னாடி நின்னு ரெண்டு தடவை இருமுறேன்.

— காய்ச்சல் எனக்குன்னா நீங்க எதுக்கு இருமணும்?

— அட, வீடே படுத்துக் கிடக்குன்னு நினைச்சுப்பாங்க. ஒரு நாள் கேட்டா ரெண்டு நாள் கிடைக்கும்.

— சும்மா இருங்க. மணி என்ன?

— ஆறாகப் போகுது. இந்நேரம் நீ கிரேன் ஏணியில பாதி ஏறியிருப்ப. நூத்தி எண்பது படி. இன்னைக்கு என்னடான்னா கட்டிலை விட்டு எந்திரிச்சு செருப்பு மாட்டவே உனக்குக் கால் மணி நேரம்.

— மாட்டிட்டேனே.

— மாட்டின. ஒண்ணு உன்னோடது, ஒண்ணு என்னோடது.

— சிரிக்காதீங்க.

— சிரிக்கல தாயே. நேத்து பஸ்ஸுல தூங்கி, நம்ம நிறுத்தத்தைத் தாண்டி மூணு நிறுத்தம் போய் நடந்து வந்த. தட்டுல கை வச்சபடியே கண்ணு சொருகிடுச்சு. படுத்தா, தூக்கத்துலயும் உன் கை லீவரை இழுக்குது. என் தலையணையைத் தூக்கி அந்தப் பக்கம் இறக்கி வச்சிருக்க. கழுத்து சுளுக்கினப்பதான் எனக்கே தெரிஞ்சுது.

— அலுங்காமத்தானே வச்சேன்?

— அலுங்காம, குலுங்காம. அதுல ஒரு குறை சொல்ல முடியாது.

— அப்புறம் என்ன. போனை எடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க, கையில பிடிச்சுக்கக்கூட தெம்பில்ல.

— போடுறேன். என்ன சொல்லப் போற?

— உள்ளதை.

— உள்ளதைச் சொன்னா ஊருக்கே உடம்பெரிச்சல். பதினாலு வருஷமா கிரேன் ஓட்டுற, இதுகூடவா தெரியாது?

— ரிங் போகுது. பேசாம இருங்க.

— அக்கா, சொல்லுங்க! ஏணியடியில நின்னுக்கிட்டு உங்களைத்தான் தேடுறேன். ஆளுங்க எல்லாம் "பருந்து வந்தாச்சா, பருந்து வந்தாச்சா"ன்னு என்னைத் துளைக்கிறாங்க. எங்க வந்துட்டிருக்கீங்க?

— வரல தம்பி. இன்னைக்கு எனக்கு லீவு போட்டுக்கோங்க.

— விளையாடாதீங்கக்கா. இன்னைக்குத்தான் பெரிய உத்திரம் ஏத்துறோம், புரியுதா? பதினோரு டன். ரோட்டையே அடைச்சு வச்சிருக்கு. சூப்பர்வைசர்னு பேருதான், குளிக்காமகூட நாலரை மணிக்கே வந்து நிக்கிறேன்.

— தெரியும். அதனாலதான் முன்கூட்டியே சொல்றேன்.

— உடம்புக்கு என்ன?

— உடம்புக்கு ஒண்ணுமில்ல.

— இருக்கு தம்பி, இருக்கு! தொட்டா கை பொரியுது! நானே ராத்திரி...

— ஏங்க!

— அண்ணனா பேசுறது? வணக்கம்ணே. காய்ச்சல்னா சொல்லிட வேண்டியதுதானேக்கா, இதுல என்ன...

— தம்பி, அவர் தையல்காரர். ஒட்டுப் போடுறது அவருக்குப் பழக்கம். எனக்குக் காய்ச்சலும் இல்ல, கத்தரிக்காயும் இல்ல. களைப்பு.

— களைப்பா?

— மாத்து ஆள் நின்னு போனதுல இருந்து இன்னையோட இருபத்தேழு நாள். ஒரு நாள் விடாம ஏறியிருக்கேன். காலையில ஆறுக்கு ஏறினா சாயங்காலம் ஆறுக்குத்தான் கால் தரையில படுது. நடுவுல இறங்க வேண்டி வந்துடக் கூடாதுன்னு தண்ணியைக்கூட மூடியில அளந்து குடிக்கிறேன்.

— எனக்குத் தெரியாதாக்கா? கீழ இருந்து சைகை காட்டுறவன் நான். ஆனா ஃபாரத்துல களைப்புன்னு ஒரு கட்டமே இல்ல, புரியுதா? காய்ச்சல் இருக்கு. வயித்துப்போக்கு இருக்கு. அடிபட்டதுன்னு இருக்கு. வீட்டுல சாவுன்னுகூட ஒண்ணு இருக்கு. இதுல எதையாவது எடுத்துக்கோங்க.

— வயித்துப்போக்கு நல்லா இருக்கும் தம்பி. யாரும் மேற்கொண்டு விவரம் கேட்க மாட்டாங்க.

— ஏங்க, நீங்க போய் மிஷினுக்கு எண்ணெய் விடுங்க. தம்பி, கட்டத்துக்குப் பக்கத்துல இடம் இருக்கும்ல? அங்க எழுதுங்க. களைப்புன்னு.

— அக்கா... எஞ்சினியர் சார் வந்துட்டார். பக்கத்துல நின்னு எல்லாத்தையும் கேட்டுட்டார். கையை நீட்டுறார், ஸ்பீக்கர்ல போட்டுக் குடுக்கிறேன்.

— குடுங்க.

— என்னம்மா இது? என்ன புதுசா?

— வணக்கம் சார்.

— வணக்கம் இருக்கட்டும். முப்பது பேர் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறாங்க. இந்த ரோட்டை அடைக்க அனுமதி வாங்குறதுக்கு ஒன்றரை மாசம் செருப்புத் தேய நடந்தவன் நான். நீங்க களைப்புங்கிறீங்க. எனக்கும்தான் களைப்பு. யாருக்கு இல்ல?

— எல்லாருக்கும் இருக்கும் சார். உங்களுக்குக் களைப்பா இருந்தா கையெழுத்து கோணும். எங்க வீட்டுக்காரருக்கு இருந்தா ஊசி விரல்ல ஏறும். எனக்கு இருந்தா கீழ நிக்கிறவங்க தலைக்கில்ல வரும்?

— என்னம்மா இது, ஒரே ஒரு தூக்கு. அதை மட்டும் முடிச்சுக் குடுத்துட்டு நாளைக்குப் படுத்துத் தூங்குங்க. நான் ஏன்னு கேட்கல.

— அந்த ஒரு தூக்குக்குத்தான் சார் இன்னைக்கு நான் ஏறக் கூடாது.

— பேரு மட்டும் பெருசா இருக்கு. பருந்தாம். ஒரு உத்திரத்தைப் பார்த்தா பருந்துக்கு நடுக்கமா?

— அந்தப் பேரை நானா வச்சுக்கல சார், கீழ நிக்கிறவங்க வச்சது. பதினாலு வருஷத்துல என் கொக்கியில இருந்து ஒரு செங்கல் நழுவினதில்ல. முட்டைக்கூடையைக் கட்டி விடுங்க, ஏழாவது மாடியில இறக்குறேன். ஒரு முட்டை விரிசல் விட்டிருந்தா என்னன்னு கேளுங்க. முதல் முதலா நான் ஏறினப்போ, பொம்பளை ஓட்டுறான்னு கீழ ஒருத்தரும் நிக்கல. எல்லாரும் ஓரமா ஒதுங்கி நின்னு அண்ணாந்து பார்த்தாங்க. இப்ப பீடியைப் பத்த வச்சுக்கிட்டு அவங்கவங்க வேலையைப் பார்க்கிறாங்க. அந்த நம்பிக்கையைச் சம்பாதிக்க எனக்கு எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா?

— அப்போ அந்தப் பேரைக் காப்பாத்துங்க. ஏறுங்க.

— அதைக் காப்பாத்தத்தான் ஏற மாட்டேங்கிறேன்.

— சரி. அப்படின்னா வேற ஆளைப் பார்க்க வேண்டியதுதான். இன்னைக்கு மட்டும் இல்ல, மொத்தமாவே.

— சார், சார், கொஞ்சம் பொறுங்க! நான் அவ வீட்டுக்காரன் பேசுறேன். காய்ச்சல்தான் சார், உண்மையாவே. காய்ச்சல் வேகத்துல என்னத்தையோ உளறுறா...

— ஏங்க, உட்காருங்க. உட்காருங்கன்னா. சார், நான் ஒண்ணு சொல்றேன். அதைக் கேட்டுட்டு வேலையை எடுத்துக்கிறதுன்னா எடுத்துக்கோங்க. நேத்து மேல நான் தூங்கிட்டேன்.

— என்னம்மா சொல்றீங்க?

— என்கிட்ட சொல்லவே இல்லையே தாயே!

— உங்ககிட்ட சொன்னா நீங்க தூங்க மாட்டீங்க. ரெண்டு நொடி சார். மூணாவும் இருக்கலாம். கொக்கியில கம்பிக்கட்டு, ரெண்டு டன். இறக்கி, ரெண்டு ஆள் உயரத்துல நிறுத்தி வச்சிருக்கேன். கண்ணைத் திறந்தா கட்டு அங்க இல்ல. என் கை லீவர் மேலயே சாஞ்சு கிடக்கு, கட்டு பதினஞ்சு அடி தள்ளிப் போய் ஊஞ்சல் மாதிரி ஆடுது.

— அக்கா! அந்த ஆட்டமா? காத்துன்னீங்களே!

— நீங்கதான் தம்பி வாக்கி டாக்கியில "என்னக்கா, காத்தா?"ன்னு கேட்டீங்க. நானும் "ஆமா, காத்து"ன்னுட்டேன். காத்து எங்க அடிச்சுது? நேத்து ஒரு இலைகூட அசையல.

— ஆனா பிடிச்சீங்களேக்கா! சார், நான் கண்ணால பார்த்தேன். ஆட்டம் போற பக்கமே கிரேன் கையை ஓட்டி, ரெண்டே வீச்சுல அடக்கி, தொட்டில்ல புள்ளையைப் போடுற மாதிரி இறக்கி வச்சாங்க. வேற யாரு மேல இருந்திருந்தாலும் அந்தக் கட்டு அப்படியே போய் இடிச்சிருக்கும், புரியுதா சார்?

— பிடிச்சது தொழில், தம்பி. விட்டதும் நான்தானே? சார், இந்த வேலைக்கு வந்து நான் சொன்ன முதல் பொய் அந்தக் காத்து. இறங்கி வர்றப்போ ஒவ்வொரு படியும் காலைச் சுட்டுச்சு. இன்னைக்குக் காய்ச்சல்னு சொன்னா அது ரெண்டாவது பொய். ஒரு மாத்திரையைப் போட்டுக்கிட்டு நாளன்னைக்கு வான்னுவீங்க. நானும் வருவேன், இன்னொரு இருபத்தேழு நாள் ஏறுவேன். மூணாவது பொய்யைச் சொல்ல எனக்கு நேரம் கிடைக்கும்னு என்ன நிச்சயம்?

— சார், நான் தையல்காரன். கொஞ்ச நேரம் முன்னாடி காய்ச்சல்னு சொன்னேன் பாருங்க, அதைப் பிரிச்சு எடுத்துடுறேன். அவ சொல்றதுதான் சரி. களைப்புன்னே எழுதுங்க. வேலை போனா போகட்டும்.

— எந்த இடம்?

— சார்?

— கட்டு எந்த இடத்துல ஆடிச்சும்மா?

— தண்ணித் தொட்டிக்குக் கிழக்கால. பலகை அடுக்கி வச்சிருக்காங்கல்ல, அதுக்கு அந்தப் பக்கம். மேல இருந்து பார்த்தா அடுக்கு மறைக்கும். நல்லவேளை, அங்க யாரும் இல்ல.

— யாரும் போக மாட்டாங்க சார். நானே சுத்திக் கயிறு கட்டி, சிவப்புத் துணி தொங்க விட்டிருக்கேன்.

— மணி?

— மூணே முக்கால் இருக்கும் சார்.

— தம்பி, சார் என்ன பண்றார்?

— என்னன்னே தெரியலண்ணே. சார் உத்திரத்து மேலயே உட்கார்ந்துட்டார்.

— அவ்வளவுதான். வேலை போச்சு. நீ கவலைப்படாதே தாயே, நான் நாளைக்கு ரெண்டு சட்டை கூடுதலா வெட்டினா ஆச்சு. உனக்குத் தாலி கட்டின அன்னைக்குக்கூட எனக்கு இவ்வளவு பெருமையா இல்ல. என்கிட்ட இருக்கிற அளவு நாடா பத்தாது இதை அளக்க.

— உஷ். கேட்கப் போகுது.

— கேட்கட்டும்!

— சூப்பர்வைசர், ஆளுங்களைக் கலைஞ்சு போகச் சொல்லுங்க. ரோட்டைத் திறந்து விடுங்க. இன்னொரு ஆள் வேலைக்குச் சேர்ற வரைக்கும் இந்தக் கிரேன் நகரக் கூடாது. அம்மாவுக்கு ஒரு வாரம் லீவு.

— காரணம் என்ன சார் எழுதட்டும்?

— அவங்க என்ன சொன்னாங்களோ அதை. கட்டம் இல்லன்னா பேனாவால ஒண்ணு போடுங்க.

— சார், தப்பா எடுத்துக்காதீங்க. ஒன்றரை மாசம் நடந்து வாங்கின அனுமதிங்கிறீங்க. இப்பத்தான் மொத்தமா வேற ஆளைப் பார்க்கிறேன்னீங்க. திடீர்னு எப்படி மனசு மாறினீங்க?

— நேத்து போன்ல சிக்னல் கிடைக்கலம்மா. கயித்தைத் தாண்டிப் போய், அந்தப் பலகை அடுக்குக்குப் பின்னாடி நின்னு பேசிட்டிருந்தேன். ஒரு நிழல் என் மேல போச்சு, திரும்பி வந்துச்சு, மறுபடியும் போச்சு. மேகம்னு நினைச்சேன்.