நர்ஸக்கா நோட்டுல இருந்தது

இல்லம்மா, செருப்ப வெளிய விடாதீங்க, உள்ளயே கொண்டாந்துருங்க. பேசி முடிக்கிறதுக்குள்ள சாம்பல் படிஞ்சிரும். எதிர்த்தாப்புல ஷெட்டு இருக்குல்ல, பழைய பேட்டரிய உடைச்சு ஈயம் உருக்குறாங்க. துணி காயப்போடுறதுகூட ஜன்னல சாத்திட்டு வீட்டுக்குள்ளதான்.

என்ன சொன்னாங்க ஆபீஸ்ல? உங்களுக்கு முன்னாடி இருந்த நர்ஸு இல்லாததை எழுதினாங்க, அதான் மாத்திட்டோம்னா? ம்... சொல்லுவாங்க.

நர்ஸக்கான்னுதான் கூப்பிடுவோம். வாய் கொஞ்சம் ஜாஸ்தி. நேரத்துக்குச் சாப்பிடலைன்னா, புருஷன் ஒருவேளை பட்டினி கெடந்தா செத்தா போயிருவான், நீ மொதல்ல தின்னுடிம்பாங்க. அவங்கதான் கவனிச்சது, இந்த ரெண்டு தெருவுல மட்டும் இத்தனை பேருக்கு ஏன் புள்ள வயித்துல தங்க மாட்டேங்குதுன்னு. நாங்க அவங்கவங்க தலையெழுத்துன்னு நெனச்சிட்டிருந்தோம். ஒருத்திக்குப் போனது பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரியாது. வீடு வீடா ஏறி எறங்கி நோட்டுல எழுதினாங்க. பதினோரு பேர். எத்தனாவது மாசம், என்ன ஆச்சு, எல்லாம்.

அத வச்சு, ஷெட்டுப் பொகைதான் காரணம், மூடணும்னு மனு போட்டாங்க. பள்ளிக்கூட ஹால்ல விசாரணை, நீங்க வந்து சொன்னா போதும்னாங்க. சரின்னோம். மொத நாள் சாயங்காலம் ஷெட்டு மேஸ்திரி ஒவ்வொரு வீடா வந்தாரு. மிரட்டல்லாம் இல்லம்மா, தன்மையாத்தான் பேசினாரு. ஷெட்ட மூடிட்டா உங்க வீட்டுக்காரர் எங்க போவாரு தங்கச்சின்னு கேட்டாரு. எங்க வீட்டுக்காரரு செவுத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டாரு.

மறுநாள் அதிகாரி மொத ஆளக் கூப்பிட்டாரு. அவ எழுந்து, எனக்கு அப்படி எதுவும் ஆகலைங்க, அவங்களா எழுதிக்கிட்டாங்கன்னா. அதுக்கப்புறம் மத்தவ எப்படி வாயத் தொறப்பா? பத்து பேரும் இல்லைன்னு தலைய ஆட்டிட்டு உக்காந்துட்டாங்க. ஷெட்டா? ஓடுதே. அப்ப ஒரு உலை, இப்ப ரெண்டு.

நர்ஸக்கா திட்டலம்மா. திட்டியிருந்தா தேவலை. நோட்டப் பையில வச்சுட்டு நேரா அந்த மொத ஆளுகிட்ட வந்து, ரத்தத்துக்குக் குடுத்த மாத்திரைய நிறுத்திராதடின்னு சொல்லிட்டுப் போனாங்க.

யாரா? நான்தான்.

அப்ப உங்களுக்கு ஒண்ணும் ஆகலையான்னு கேக்குறீங்க. ஆச்சும்மா. ஏழாம் மாசம். நல்ல மழை, வண்டி கெடைக்கல. நீங்க உக்காந்திருக்கீங்களே, அந்த எடத்துலதான். நர்ஸக்காதான் கையில வாங்கினாங்க. பொண்ணு. அழவே இல்ல. தொடச்சு, அவங்க துப்பட்டாவுல சுத்தி, ஒரு தடவ பாத்துக்கடின்னு என் மடியில வச்சாங்க.

அவங்க மூஞ்சிய நேரா பாத்துத்தாம்மா அன்னிக்கு ஹால்ல இல்லைன்னேன்.