பக்கத்து அட்டையில் விழுந்த பத்து

இருங்க, இருங்க... எழுதுறதை நிறுத்துங்க. பேனாவைக் கீழ வைங்க. இப்ப நான் சொல்லப்போற கதை பரீட்சையில வராது. ஆனா பரீட்சை எழுதப்போறவங்க காதுல விழுந்தே ஆகணும். குட்டியூண்டு கதைதான், கொட்டாவி விடுறதுக்குள்ள முடிச்சிடுவேன்.

எங்க ஊர் கரண்ட் ஆபீஸ்ல மங்களேஸ்வரின்னு ஒரு அம்மா வேலை பாக்குறாங்க. வாரம் பூரா ஆபீஸு, அடுப்படி, பிள்ளைங்க. ஞாயித்துக்கிழமை ஆச்சுன்னா மட்டும் எங்க போவாங்க தெரியுமா? ரைபிள் கிளப்புக்கு! சிரிக்காதீங்க. பொருட்காட்சியில பலூன் சுடுவீங்கள்ல, அதே மாதிரி காத்துல ஓடுற துப்பாக்கிதான், ஏர் ரைபிள். பத்து மீட்டர் தள்ளி ஒரு அட்டை. அட்டை நடுவுல கறுப்பு வட்டம். நட்டநடுவுல விழுந்தா பத்து மார்க்கு.

கிளப்ல அந்தம்மாவுக்குக் குடுத்தது ஒரு பழைய துப்பாக்கி. ஒவ்வொரு தடவையும் குழாயை மடக்கித்தான் குண்டு போடணும். சுட்டா தோள்ல ஒரு உதை வேற. பக்கத்துல சுடுறது யாரு? காலேஜ் டீச்சர் பிரிசில்லா. அவங்க கையில வெளிநாட்டு ரைபிள். சிலிண்டர்ல காத்தை அடைச்சு வச்சிருப்பாங்க. உதைக்காது, ஆடாது, பூ மாதிரி இருக்கும்.

அவ்வளவுதான்... நம்மம்மாவுக்கு வந்துச்சு பாருங்க வியாதி! ஒரு வாரம், "இது ரொம்ப கனமா இருக்கு, வேற குடுங்க." அடுத்த வாரம், "இது ட்ரிகர் கல்லு மாதிரி இருக்கு." அதுக்கடுத்த வாரம், "எல்லாம் சரிதான், ஆனா பிரிசில்லாவோடது மாதிரி வருமா?" கிளப்ல இருக்கிற எல்லா துப்பாக்கியையும் தூக்கிப் பாத்தாச்சு, எடை போட்டாச்சு, குறை சொல்லியாச்சு. கடைசியில பழையபடி அதே மடக்குத் துப்பாக்கி!

வீட்டுக்காரர் பேரு காசிலிங்கம். நல்ல மனுஷன், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். "ஏம்மா, வீட்ல ஒரு கொசுவை அடிக்க முடியல, நீ அங்க போயி என்னத்தை அடிக்கப்போற?" அந்தம்மாவுக்குச் சுருக்குன்னு ஏறிடுச்சு. "இந்தத் தடவை செலக்சன்ல என் பேரு கிளப் டீம்ல வரும். வரலைன்னா துப்பாக்கியைத் திருப்பிக் குடுத்துட்டு ஞாயித்துக்கிழமையும் வீட்லயே கெடக்கேன், போதுமா?"

கவனிங்க... பணயம் வச்சது என்ன? வாரத்துல தனக்குன்னு இருந்த ஒரே ஒரு நாளை!

செலக்சன் வந்துச்சு. டீமுக்கு வேண்டியது ரெண்டே பேரு. ஆளுக்கு ஒரு நம்பர், ஒரு அட்டைன்னு வரிசையில நிக்கிறாங்க. பக்கத்துல யாரு? பிரிசில்லாவேதான். இந்தம்மா கண்ணு எங்க? அந்த ரைபிள் மேல. சுடும், உடனே திரும்பிப் பாக்கும். "அய்யோ, அவங்களுக்கு எங்க விழுந்துச்சோ?" மறுபடி சுடும், மறுபடி திரும்பும். அப்படித் திரும்புன கண்ணு திரும்புனபடியே இருக்க, துப்பாக்கியைத் தூக்கி, மூச்சை அடக்கி, கறுப்பு வட்டத்தைப் பிடிச்சு... டப்!

அடடா! சுட்ட கைக்குத் தெரியும், இது பத்துன்னு. ஒரு குண்டுக்கு ஒரு புது அட்டை, அது கயித்துல ஓடி வருது. பாத்தா... ஓட்டையே இல்ல. வெள்ளை வெளேர்னு அட்டை!

பக்கத்துலருந்து ஒரு குரல். "அக்கா... என் அட்டையில ரெண்டு ஓட்டை இருக்கே!"

புரிஞ்சுதா? பக்கத்து அட்டையைச் சுட்டிருக்கு! போட்டி நடத்துறவர் வந்தார், பாத்தார். ஒண்ணு ஓரத்துல, ஒண்ணு நட்டநடுவுல. "எது யாரோடதுன்னு சொல்ல முடியாதும்மா. அட்டை யாரோடதோ, நல்ல குண்டும் அவங்களுக்குத்தான். அதான் ரூல். உங்களுக்குப் பூஜ்யம்." சுட்டது யாரு? மங்களேஸ்வரி. பத்து யாருக்கு? பிரிசில்லாவுக்கு!

அந்தம்மாவுக்கு எல்லார் முன்னாடியும் அவமானம். ஆனா துப்பாக்கியைக் கீழ வைக்கல. என்ன பண்ணுச்சு தெரியுமா? குண்டு டப்பாவோட அட்டையைக் கிழிச்சு, போட்டிருந்த மூக்குக்கண்ணாடி ஓரத்துல பக்கத்துப் பக்கம் தெரியாத மாதிரி சொருகிக்கிட்டு, மிச்சத்தைச் சுட்டுச்சு பாருங்க... ஒண்ணுகூட மோசம் இல்ல! அன்னைக்கு வரைக்கும் அப்படிச் சுட்டதே கிடையாது.

ஜெயிச்சுதான்னு கேக்குறீங்க. இல்ல. மூணாவது இடம். அந்த ஒரு பூஜ்யம் தள்ளிவிட்டுடுச்சு.

வீட்டுக்கு வந்தா, காசிலிங்கம் வாசல்லயே நிக்கிறார். "என்னம்மா, துப்பாக்கியைத் திருப்பிக் குடுத்தாச்சா?"

"குடுக்கல. குடுக்கவும் மாட்டேன்."

"அப்ப நீ சொன்ன சொல்லு?"

"சொல்லு போனா போகட்டும்ங்க. இத்தனை நாளா அந்தத் துப்பாக்கிக்குப் பத்து அடிக்கத் தெரியாதுன்னு நெனச்சேன். இன்னைக்கு அடிச்சிருச்சு. அது சரியாத்தான் இருக்கு... நான்தான் வேற எங்கயோ பாத்துக்கிட்டு இருந்தேன். அடுத்த ஞாயிறு சோறு நீங்க வடிங்க, நான் கிளப்புக்குப் போறேன்."

மனுஷன் அரிசிப் பானை எங்க இருக்குன்னு தேடப் போயிட்டார்!

இப்ப உங்ககிட்ட வர்றேன். ஏன் தலையைக் குனியிறீங்க? "மேடம், அந்த சென்டர் நோட்ஸ் சூப்பராமே?" "மேடம், அவன் வேற ஆப்ல படிக்கிறானாம்." "மேடம், அவ கோச்சிங்குக்கு மதுரைக்கே போயிட்டா, எனக்கு மட்டும் இந்த ஹாலு, இந்த ஓட்டை ஃபேனு." எனக்குக் கோவம் வருது, சொல்லிட்டேன்! கஷ்டப்பட்டுப் படிக்கிறது நீங்க. ராத்திரி கண்ணு முழிக்கிறது நீங்க. ஆனா கண்ணு பக்கத்துல இருக்கு. அப்படிப் படிச்சா உங்க உழைப்பு எந்த அட்டையில போய் விழும்? உங்கள்ல ஒருத்தரைக்கூடத் திறமை இல்லாதவங்கன்னு நான் சொல்லமாட்டேன். பூஜ்யம் வாங்குன அந்தக் குண்டுதான் அன்னைக்கு இருந்ததுலயே நல்ல குண்டு!

கையில என்ன இருக்கோ, அதை எடுங்க. பக்கவாட்டை மறைங்க. உங்க நம்பருக்கு நேரா நில்லுங்க. உங்களால பத்து அடிக்க முடியும்... அதை உங்க அட்டையில அடிங்க!