முள் காட்டாத அடி

பெருமதிப்பிற்குரிய திராட்சை விவசாயிகள் சங்கத் தலைவர் ஆரோக்கியசெல்வம் அவர்களே! பந்தல் போட்டுப் பழுத்த பெரியவர்களே! குலை வெட்டிய கையோடு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! கணக்கு டீச்சராக இருந்து ஓய்வுபெற்று, கணவர் மறைந்தபின் தோட்டத்தைத் தானே பார்த்துவரும் செபஸ்தியம்மாளின் வணக்கம்.

குழாய் பொருத்தும் உமர் பாருக்கை இனி எந்தத் தோட்டத்துக்கும் கூப்பிடுவதில்லை என்று இன்று தீர்மானம் போடப்போகிறீர்கள். கை தூக்குமுன் காது கொடுங்கள்.

தலைவர் தோட்டத்தில் உமர் பொருத்திய குழாய் வெடித்தது. "அண்ணே, நான் போட்ட ஒட்டு பிரியல. வளைவுதான் கிழிஞ்சிருக்கு" என்றார் உமர். "மீட்டர் எப்பப் பார்த்தாலும் பிரஷர் சரியாத்தான்யா காட்டுது. அப்பத் தப்பு உன் கைலதான்" என்றார் தலைவர்.

ஒரு கணத்தைச் சொன்னால் ஓர் எண்ணைத் தருவதைக் கணக்கில் 'சார்பு' என்போம். மீட்டர் செய்வதும் அதுதான். ஆனால் சுத்தியல் அடி? முன்னும் பூஜ்யம், பின்னும் பூஜ்யம். அடித்த கணத்தில் எவ்வளவு? எந்த எண்ணும் போதாது! அதனால் அடியே இல்லையா? இறங்கிய ஆணியைக் கேளுங்கள்!

என்ன அங்கே? "டீச்சர் பாடம் எடுக்க ஆரம்பிச்சுட்டாக" என்கிறீர்களா? எடுப்பேன். அந்தப் போனை அணையுங்கள்.

கணித அறிஞர்கள் கேள்வியையே மாற்றினார்கள். 'நீ எவ்வளவு?' என்று கேட்காதே, 'நீ என்ன செய்கிறாய்?' என்று கேள் என்றார்கள். நண்பகலில் விழும் ஓர் அடியிடம், நாளெல்லாம் சீராக ஏறி இறங்கும் வெயிலைக் கொடுங்கள். நண்பகல் வெயிலை மட்டும் எடுத்துத் தரும். இப்படிச் சீரான எதைக் கொடுத்தாலும் அந்த அடி தரும் விடைகளின் தொகுப்பே அதன் அடையாளம். இப்படிச் செய்கையால் அறியப்படுவதையே 'பொதுமைச் சார்பு' என்கிறார்கள்.

போன வாரம் தலைவர் தோட்டத்தில் அவரும் உமரும் நானும் மோட்டார் அருகே நின்றோம். கரண்டு போனது, ஏறிய தண்ணீர் திரும்பி இறங்கியது. அதற்குள் கரண்டு வந்தது. ஆட்டோ ஸ்டார்ட்டரை அணைக்காமல் விடுவது நம் எல்லோருக்கும் பழக்கம் அல்லவா? மோட்டார் தானே ஓடியது. இறங்கும் நீரில் ஏறும் நீர் மோதியது. குழாய் தன்னைத் தாங்கிய கல்லை விட்டுத் துள்ளியது! மீட்டர் முள் அசையவில்லை; அசைய அதற்கு நேரமில்லை. முன்பு வளைவைக் கிழித்ததும் இப்படி ஓர் அடிதான்.

தலைவரே, அன்று பார்த்தீர்கள், பேசவில்லை. இன்றும் பேசவில்லை. முள் அசையாததால் அடி இல்லையென்பதா? அடி தெரியாததால் ஆளைக் குற்றவாளி என்பதா? நம் பழக்கம் உடைத்ததற்கு அவர் பிழைப்பை உடைப்பதா?

தலைவர் எழுந்து மைக்கைக் கேட்கிறார். தருகிறேன். ஆனால் ஐயா, என்னைப் பாராட்டித் தொடங்க வேண்டாம். அதோ, வாசலோரம் நிற்கும் உமர் பாருக்கின் பெயரைச் சொல்லித் தொடங்குங்கள். காது கொடுத்த எல்லோருக்கும் என் நன்றியும் வணக்கமும்.