மணிக்கட்டில் கட்டிய ஆங்கிலம்

அவையைத் தாங்கி, அடியேனின் பேச்சையும் இன்னும் சிறிது நேரம் தாங்கவிருக்கும் தலைவர், நம் பள்ளியின் தலைமையாசிரியர் பூந்தான் அவர்களே! மடத்திலிருந்து எழுந்தருளி முன்வரிசையில் வீற்றிருக்கும் துறவியரே! மீகோங் ஆற்றின் அக்கரையிலிருந்து படகேறி வந்த பெரியோர்களே! விடியுமுன் எழுந்து, ஒட்டரிசி அவித்து, கூடையில் அடைத்து, பிள்ளைக்குத் தலைசீவிக் கைப்பிடித்து அழைத்து வந்திருக்கும் தாய்மார்களே! வேலியோரம் மோட்டார் சைக்கிளைவிட்டு இறங்காமலே விழா பார்க்கும் தந்தைமார்களே! உங்கள் அனைவரையும் இந்தக் கணக்கு வாத்தியார் கம்போன் கைகூப்பி வணங்குகிறேன்.

இன்று நான் கணக்கைப் பற்றிப் பேசப்போவதில்லை. பின்வரிசையில் யார் கைதட்டியது? தட்டுங்கள், தட்டுங்கள். நாளைக்கு என் வகுப்புக்கு வருவீர்கள் அல்லவா, அங்கே பார்த்துக்கொள்கிறேன்.

என் வகுப்புக்கும் ஆங்கில வகுப்புக்கும் நடுவில் இருப்பது ஒரேயொரு மூங்கில் தட்டி. முன்பெல்லாம் அந்தத் தட்டியைத் தாண்டி என்ன கேட்டது? ஆசிரியர் ஒரு வரி சொல்வார், பிள்ளைகள் அதே வரியை இழுப்பார்கள். நாக்கு அசைந்தது, நெஞ்சு அசைந்ததா? உதடு பேசியது, உள்ளம் பேசியதா? வெள்ளைக்காரப் பயணி ஒருவர் வாசலில் நின்று பெயர் கேட்டபோது, அத்தனை பிள்ளைகளும் மேசைக்கு அடியில் அல்லவா ஒளிந்தார்கள்!

பிறகு வந்தார் செங்தாவ். பயிற்சி முடித்து, பை நிறைய பட அட்டைகளோடு தலைநகர் வியந்தியானிலிருந்து வந்த இளம் ஆசிரியை. வந்த வாரமே வகுப்பைச் சந்தையாக்கினார். ஒரு பிள்ளை வெள்ளரிக்காய் விற்கும். இன்னொரு பிள்ளை ஆங்கிலத்தில் கேட்டு வாங்க வேண்டும். கேட்கத் தெரியாவிட்டால் விற்கிற பிள்ளையே காயைக் கடித்துத் தின்றுவிடும்! பசி வந்தால் மொழி வராதா? வந்தது ஐயா, வந்தது! நான் இந்தப் பக்கம் கழித்தல் நடத்துவேன், அந்தப் பக்கம் முப்பது தொண்டைகள் "பஃபலோ!" என்று முழங்கும். என் மாணவர்கள் கழித்ததெல்லாம் என்னைத்தான்.

சிரிக்கிறீர்கள். சிரித்து முடியுங்கள், இனி சிரிப்பதற்கு இல்லை.

ஒருநாள் புது விளையாட்டு. பிள்ளைகள் வட்டமாக உட்கார வேண்டும். ஒரு பிள்ளை சுற்றி நடந்து, ஒவ்வொரு தலையாகத் தொட்டு, ஒவ்வொரு ஆங்கிலச் சொல் சொல்ல வேண்டும். ஆம், தலையைத் தொட்டு! உடம்பிலேயே புனிதம் என்று நாம் காக்கும் தலையை, அதுவும் பெரியவர் தலையைச் சிறியவர் கை தொடலாமா? முன்வரிசையில் முகம் சுளிப்பது தெரிகிறது. அன்றைக்கென்று பார்த்து நம் தலைமையாசிரியர் வகுப்பைப் பார்வையிட வந்தார். பிள்ளைகளோடு பிள்ளையாக வட்டத்தில் உட்கார்ந்தார். சுற்றி வந்தவள் படகோட்டி சோம்சித்தின் மகள் மணிவான். டீச்சர் சொல்லைத் தட்டத் தெரியாத குழந்தை. தொட்டுக்கொண்டே வந்தாள், அவர் தலையையும் தொட்டாள்.

தலைமையாசிரியர் சிரித்தார். ஆனால் சிரித்தபடியே அவர் கை தலைக்குப் போனது. அதை மணிவான் பார்த்துவிட்டாள்.

அன்றோடு நின்றது அவள் பேச்சு. ஆங்கிலம் மட்டுமா? வீட்டுப் பேச்சும் நின்றது, தாயிடம் சோறு கேட்பதும் நின்றது. வாயாடி என்று ஊரே கொஞ்சிய பிள்ளை வாய் மூடிக்கொண்டாள்.

செங்தாவ் என் வகுப்பு வாசலில் வந்து அழுதார். "ஏம்மா, நம்ம நாட்டுல பொறந்த உனக்குமா இது தெரியாது?" என்று கேட்டேன்.

"தெரியும்ணே. பயிற்சியில நாங்களே ஒருத்தர் தலைய ஒருத்தர் தட்டித்தான் விளையாடினோம். இங்கிலீஷ்ல விளையாடுறப்ப அது நம்ம தலை மாதிரியே தோணலண்ணே" என்றார்.

யோசித்துப் பாருங்கள். வேற்று மொழிக்குள் நுழைந்தால் நம் தலை வேறு தலையாகிவிடுமா? பெரியவருக்கு அந்த மயக்கம் வரலாம். ஆறு வயதுக் குழந்தைக்கு எப்படி வரும்? எந்த மொழியில் விளையாடினாலும் அவள் கை தொட்டது அவளுடைய பெரியவர் தலையை அல்லவா!

சோம்சித் பள்ளிக்கு வந்து நின்ற கோலம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. "பயத்துல எம்புள்ள குவான், அவ உசுரக் காக்குற ஆவி, ஒடம்ப விட்டு ஓடிப்போச்சு. இங்கிலீஷும் வேணாம், இஸ்கூலும் வேணாம். எங்கூட படகுல இருந்துக்கட்டும்" என்றார். அவரைக் கோபிக்க முடியுமா? கூடத்தில் கூடிய பெற்றோரும் விளையாட்டை நிறுத்தச் சொன்னார்கள். அன்றிரவு தலைமையாசிரியர் உண்ணவில்லை. "நான் சிரிச்சேன்யா கம்போன். கை தன்னால மேல போயிடுச்சு. அத எப்படிய்யா அந்தப் புள்ளைக்கு வெளக்குவேன்?" என்றார். ஐயா, சபையில் சொல்லிவிட்டேன், மன்னியுங்கள்.

ஓடிய குவானை அழைக்க சோம்சித் வீட்டில் சடங்கு வைத்தார்கள். நடுவில் பூக்கூம்பு, சுற்றிலும் அவித்த முட்டை, ஒட்டரிசி, வெள்ளை நூல். திரும்பி வரும் குவான் மறுபடி ஓடாதிருக்க, பெரியவர்கள் ஒவ்வொருவராக மணிவான் கையில் நூல் கட்டி வாழ்த்தினார்கள். அழையாத வீட்டுக்குப் போனார் செங்தாவ். வாசலிலிருந்தே முழங்காலிட்டு நகர்ந்தார். சோம்சித் முகத்தைத் திருப்பிக்கொண்டார், விரட்டவில்லை. நூலைக் கையில் எடுத்தார் செங்தாவ். பெரியவர்களின் நீண்ட வாழ்த்து அவருக்கு வாயில் வரவில்லை. அழுகைக்கு நடுவே, குழந்தைக்குத் தான் கற்றுக்கொடுத்த இரண்டே சொற்கள்தாம் வந்தன. "கம் ஹோம்" என்றார். வீட்டுக்கு வா! குவானை நாம் தலைமுறை தலைமுறையாக அழைக்கும் அழைப்பும் அதுதானே?

குழந்தை பேசவில்லை. ஆனால் அந்த நூலை மட்டும் விரலால் தடவிக்கொண்டே இருந்தாளாம். மறுநாள் அவள் அம்மா வந்து சொன்னார்: "இந்த வாரம் மட்டும் வரட்டும் டீச்சர். அவ அப்பாவும் கூட வருவாரு."

செங்தாவ் விளையாட்டை விடவில்லை, விளையாட்டை மாற்றினார். அதே வட்டம். அதே சுற்று. ஆனால் தலை இல்லை, மணிக்கட்டு! சுற்றி வரும் பிள்ளை பட அட்டையைக் காட்டும். பார்க்கிற பிள்ளை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். சொன்னால் கையில் நூல், கூடவே ஒரு ஆங்கில வாழ்த்து. "மேங்கோ!" சொன்னவனுக்கு ஒரு நூல், "ரிவர்!" சொன்னவளுக்கு ஒரு நூல். நூலுக்காக நாக்குகள் துள்ளின! நான் கணக்கை அப்படியே விட்டுவிட்டுத் தட்டி இடுக்கில் கண் வைத்தேன். என் வகுப்பும் வரிசையாகக் கண் வைத்தது.

அப்போது உள்ளே வந்தார் தலைமையாசிரியர். முன்பு உட்கார்ந்த அதே இடம். ஜன்னலுக்கு வெளியே சோம்சித். மணிவான் முறை வந்தது. நூலைப் பிடித்தபடி நடந்தாள்; அவர் முன்னால் நின்றாள்; நகரவில்லை. பெரியவர் என்ன செய்தார் தெரியுமா? கால் மடக்கி, முதுகு வளைத்து, குழந்தையின் இடுப்புக்கும் கீழே தன் தலையைத் தாழ்த்தி, கையை நீட்டினார். தலை நரைத்த தலைமையாசிரியர், ஆறு வயதுப் பிள்ளைக்கு முன்னால்!

அவள் நூலைக் கட்டினாள். முடிச்சு விழவில்லை, மறுபடியும் கட்டினாள். பிறகு, அத்தனை நாள் மூடிய வாய் திறந்தது.

"கம் ஹோம்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். "வந்துட்டேம்மா" என்றார். "நீயும் வந்துட்டியா?"

"ம்" என்றாள். ஜன்னலுக்கு வெளியே சோம்சித் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார்.

அன்பர்களே! அயல்மொழிக்கு ஏன் அஞ்சுகிறோம்? அது நம் பிள்ளையைக் கொண்டுபோய்விடும் என்றுதானே? கொண்டுபோகும், மரியாதை மறந்து நுழைந்தால் கொண்டுபோகும்! நம் பாயில் உட்கார்ந்து, நம் நூலைப் பிடித்து, நம் பிள்ளையின் பயம் அறிந்து நுழைந்தால், அதே மொழி பிள்ளையை வீட்டுக்கு அழைத்தும் வரும். விளையாட்டு வேண்டாம் என்று சொன்ன பெற்றோரே, கேட்கிறேன்: குழந்தை சிரிக்காமல் கற்றது எது? கற்றாலும் நெஞ்சில் நின்றது எது? விளையாடட்டும்! என் கழித்தல் கெட்டாலும் கெடட்டும், தட்டிக்கு அந்தப் பக்கம் முழக்கம் கேட்கட்டும்!

என் பேச்சைப் பொறுத்த தலைவருக்கும், அழுது அழுதே எங்களுக்குப் பாடம் நடத்திய செங்தாவுக்கும், ஒன்றும் சொல்லாமல் மகளைத் திரும்ப அனுப்பிய சோம்சித்துக்கும் நன்றி. தலைமையாசிரியர் ஐயா, நீங்கள் கையை மறைத்தாலும் அந்த அழுக்கேறிய நூல் இங்கிருந்தே தெரிகிறது, அதை அவிழ்த்துவிடாதீர்கள். அடுத்து இந்த மேடையில் ஆங்கிலத்தில் வரவேற்புச் சொல்ல வருகிறாள் மணிவான். ஒலிவாங்கியை அவள் உயரத்துக்கு இறக்கிவிட்டு இறங்குகிறேன். எல்லோருக்கும் வணக்கம்!