குடை போட்ட பட்டன்

உங்க காபி நல்லாவே இருக்கு, மேடம். போலீஸ் ஸ்டேஷன் காபின்னா கழுநீர் மாதிரி இருக்கும்னு நினைச்சுட்டு வந்தேன்.

எங்க ஸ்டுடியோவோட முள்ளெலி கார்ட்டூன் தொடரைப் பாக்காம வளர்ந்த குழந்தை இந்த ஸாக்ரெப்ல குறைவு. முள்ளெலி கையை ஆட்டணும், மூக்கைச் சுளிக்கணும்னா படத்துக்குள்ள எலும்பு மாதிரி ஒண்ணு கட்டி வைக்கணும். அது என் வேலை. எல்லாத்தையும் பழைய மென்பொருள்லதான் கட்டினேன். கண்ணைக் கட்டிவிட்டாலும் எனக்கு அதுல கை ஓடும்.

புதுசுக்கு மாறணும்னு முதலாளி வியேகோவைச் சம்மதிக்க வச்சது திஹானா. எங்க குழுவுக்குத் தலைமை அவதான். வெளிநாட்டுக் கூட்டாளிங்க எல்லாரும் புதுசுலதான் வேலை பாக்கறாங்களாம். வேண்டாம் வேண்டாம்னு தொண்டை வத்தச் சொன்னேன். யாரும் காதுல வாங்கல. மாத்திப் பாத்தா, நான் கட்டின எலும்புல பாதி வரல. முள்ளெலியோட கை முதுகுப்பக்கம் முறுக்கிட்டு நின்னுச்சு.

"ஸ்வோன்கோ, உங்க ஆளுக்குக் கை சுளுக்கிடுச்சு. கொஞ்சம் பிளம் சாராயம் தடவி விடுங்க"ன்னா திஹானா. அறையே சிரிச்சுது, நானும் சிரிச்சேன். மறுநாள் அவங்கம்மா செஞ்ச வால்நட் ரொட்டியைக் கொண்டுவந்து என் மேசையில வச்சா. நல்ல பொண்ணுதான். எனக்குத்தான் வயிறு எரிஞ்சுட்டே இருந்துச்சு.

அவளுக்கு வலிப்பு உண்டு. வெளிச்சம் பளிச் பளிச்னு அடிச்சா வந்துரும். வியேகோவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அவ சேர்ந்த புதுசுல, பழைய மென்பொருள்ல அவளுக்காகவே ஒரு வசதி எழுதிக் கொடுத்தேன். காட்சியைப் போடறதுக்கு முன்னாடி பட்டனை அமுக்கினா, பளிச்சிடற இடமெல்லாம் மங்கிடும். பட்டனுக்குப் படம் அவளே வரைஞ்சா, சின்னதா ஒரு குடை. இப்ப மாறும்போது அவ என்கிட்ட கேட்டது, அந்தக் குடையை மட்டும் எப்படியாவது கொண்டுவந்துருங்கன்னு.

கொண்டுவந்தேன். அதே இடம், அதே குடை. பட்டனுக்குப் பின்னாடி ஒண்ணும் வைக்கல.

அந்த வாரம் இடிமழைக் காட்சி. மின்னல் கதையிலேயே இருக்கு, நானா சேர்க்கல. கொஞ்சம் கூட்டினேன், அவ்வளவுதான். மத்தவங்க மதியம் சாப்பிடப் போனதும் அவ திரையறை வாசல்ல நின்னு கேட்டா.

"குடை விரியுதா?"

"விரியுது. நானே போட்டுப் பாத்தேன்."

"நீங்க சொன்னா சரி"ன்னு கதவைச் சாத்திக்கிட்டா.

நாற்காலி விழுந்த சத்தம் கேட்டப்போ நான் பக்கத்து அறையில காபி குடிச்சிட்டிருந்தேன். நம்ம ஊர்ல காபியை மடக்குன்னு ஊத்திக்கற பழக்கம் கிடையாது, உங்களுக்கே தெரியும். முடிச்சுட்டுத்தான் போனேன். தரையில கிடந்து துடிச்சா. சட்டையெல்லாம் வேர்வை. திரைச்சீலைக்குப் பின்னாடி ஜன்னல் திறந்திருந்துச்சு. ஈர உடம்புல குறுக்குக் காத்து பட்டா ஆகாதுல்ல, முதல்ல அதைச் சாத்தினேன். மூக்குல அடிக்கற மருந்து அவ பையோட முன்பக்கத்துல இருக்கும். எப்படி அடிக்கறதுன்னு அவளே எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கா. பை என் காலடியிலதான் கிடந்துச்சு. நான் எடுக்கல. துடிப்பு அடங்கின பிறகு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

சின்னதா ஒரு தடவை வந்து போகும், வியேகோ பயந்துருவான், அதுக்கு மேல நினைக்கலைன்னு சொல்லலாம்னுதான் வந்தேன். ஆனா கையெழுத்துப் போடப்போறது நான். அவ எழுந்திரிக்க மாட்டாங்கறது காபி பாதி இருக்கும்போதே எனக்குத் தெரியும். அப்படியே எழுதிக்குங்க.

அடக்கம் முடிஞ்சதும் வியேகோ என் கையைப் பிடிச்சுட்டு அழுதான். "நீ சொன்னதைக் கேட்டிருக்கணும்டா. பழசுக்கே போயிடுவோம்"னான். போயிட்டோம். முள்ளெலிக்குக் கை நேராயிடுச்சு. அந்தப் பட்டனுக்குப் பின்னாடி என்ன இருந்துச்சுன்னு அவன் கேக்கவே இல்ல. நீங்கதான் கேட்டீங்க.

பழசுல அந்தக் குடை ஒருநாளும் ஏமாத்தினதில்ல, மேடம். அதுலயே இருந்திருந்தா திஹானா இன்னிக்கு உயிரோட இருந்திருப்பா. அதைத்தானே நான் ஆரம்பத்துலேர்ந்து எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வரேன்.