மூணு மணிநேரத்துக்கு ஒரு புட்டி

அந்த முக்காலி வேண்டாம்மா, அதுக்கு ஒரு கால் ஆடும். கட்டில்லயே உக்காரு. ஆங், எங்க விட்டேன்? பால். எழுதிக்கிட்டியா, மூணு மணிநேரத்துக்கு ஒரு புட்டி. பகல்லயும் அதான், ராத்திரியும் அதான். தாயில்லாத யானைக்குட்டிக்கு ரெண்டு வயசு தாண்டற வரைக்கும் அது தப்பக் கூடாது. இவரு இந்த முகாம்ல முப்பத்திரெண்டு வருஷம் குட்டி வளர்த்தாரு. நான் பால் ரூம்ல முப்பது வருஷம் பவுடர் கரைச்சேன். நாளைக்கு அவருக்குப் பாராட்டு விழா. நீ விழா மலருக்கு எழுத வந்திருக்க, வீட்டுக்காரரப் பத்தி நாலு வார்த்தை சொல்லுங்கன்னு கேக்கற. சொல்லிட்டாப் போச்சு.

இல்ல, அவரு இப்ப வரமாட்டாரு. வேலைய விட்டு நின்னு மூணு மாசம் ஆகுது, இன்னும் குட்டிங்க சேத்துல புரளற நேரத்துக்கு அங்க போய் நிக்கணும் அவருக்கு. இல்லன்னா சோறு இறங்காது.

குட்டிங்க நாள் முழுக்க என்ன பண்ணும்னா கேக்கற? காலைல கொட்டடியத் திறந்து விட்டா, பள்ளிக்கூடம் விட்ட மாதிரி முட்டி மோதிக்கிட்டு ஓடி வரும். ரெண்டு மரத்துக்கு நடுவுல கயிறு கட்டி ஒரு கம்பளிய தொங்க விட்டிருப்போம். எதுக்குத் தெரியுமா? குட்டி தாய்கிட்டப் பால் குடிக்கறப்போ தும்பிக்கையத் தூக்கி அம்மா வயித்துல சாய்ச்சுக்கும். அது சாய ஒரு இடம் இல்லன்னா தொண்டைல பால் இறங்காது. அதனால கம்பளி. ஆளு கம்பளிக்குப் பின்னாடி நின்னு புட்டிய நீட்டணும். பாவம், கம்பளிய அம்மான்னு நம்பிக் குடிக்கும். நாம மட்டும் என்ன, கட்டினவன் மனுஷன்னு நம்பித்தானே கழுத்த நீட்டறோம். இத எழுதாத.

அப்புறம் காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போவாங்க. வெயில்ல காது வெந்துடும், அவ்வளவு மெல்லிசுத் தோலு. தாயோட நிழல்லயே நடக்கற வயசு இல்லையா. அதனால காதுக்குக் களிம்பு பூசி, ஒரு ஆளு குடையப் பிடிச்சிக்கிட்டுப் பின்னாடியே போவான். சிரிக்காத, நெசமாத்தான். எனக்கு ஒருத்தரும் குடை பிடிச்சதில்ல. கட்டைவிரலக் குடுத்தா மணிக்கணக்காச் சப்பிக்கிட்டு நிக்கும். ராத்திரி வைக்கோல்ல குட்டி படுக்கும், பக்கத்துலயே பலகை போட்டு ஆளு படுக்கணும். ஒண்ணுக்குப் போக எழுந்தாலும் அலறும். தும்பிக்கைய நீட்டி மூஞ்சியத் தடவிப் பாத்துட்டுத்தான் திரும்பத் தூங்கும்.

ஆனா ஒரு சட்டம் உண்டு, இத நல்லா எழுதிக்க. இன்னைக்கு ஒரு குட்டிகூடப் படுத்த ஆளு நாளைக்கு அதுகூடப் படுக்கக் கூடாது. ஆள மாத்திக்கிட்டே இருக்கணும். முகாம் டாக்டரம்மா போட்ட சட்டம். ஒரே ஆளுகிட்ட ஒட்டிக்கிச்சுன்னா, அந்த ஆளுக்கு ஒரு காய்ச்சல் வந்தாப் போதும், குட்டி பால் குடிக்காமயே செத்துரும். தாய ஒரு தடவை பறிகொடுத்தது இல்லையா, ரெண்டாவது தடவை தாங்காது.

இவருக்கு அந்தச் சட்டம் பிடிக்காது. ஏன்னா... எப்படிச் சொல்ல. பத்துப் பேருல ஒருத்தரா இருக்க இவருக்கு வராது. பசைன்னு ஒரு குட்டி வந்துச்சு, இவரு வேலைக்குச் சேந்த ரெண்டாவது வருஷம். அதோட தாய் ரயில்ல அடிபட்டுப் போச்சு. செத்த தாய்கிட்டயே மூணு நாள் பால் தேடிட்டு நின்னுதாம் தண்டவாளத்து ஓரம். தூக்கிட்டு வந்து இறக்கினதும் இவரோட முழங்காலக் கட்டிக்கிச்சு. அதான் பேரு பசை. எல்லாரும் சிரிச்சாங்க. இவருக்குத் தலைகால் புரியல.

மத்தவங்க முறை வந்தா, நீ போய்த் தூங்குப்பா நான் பாத்துக்கறேன்னு அனுப்பிடுவாரு. அவனுங்களுக்கு என்ன, கரும்பு தின்னக் கூலியா. ஒரு மாசம் இப்படி. அப்புறம் வேற யாரு புட்டிய நீட்டினாலும் அது வாய மூடிக்கிச்சு. டாக்டரம்மா கூப்பிட்டுத் திட்டினாங்க, நீ அன்பு காட்டல, கழுத்துல கயிறு போட்டிருக்கன்னு. வீட்டுக்கு வந்து அதச் சொல்லிச் சிரிக்கிறாரு. என்னத் தவிர யாருகிட்டயும் குடிக்காதாம்ல அப்படீன்னு. அந்த மூஞ்சிய நீ பாத்திருக்கணும். கல்யாணத்தன்னைக்குக் கூட அப்படி ஒரு களை இல்ல.

பிள்ளைங்களா? ரெண்டு பசங்க. பெரியவன் கடை வெச்சிருக்கான், சின்னவன் வண்டி ஓட்டறான். அவங்களுக்கு முன்னாடி ஒரு பொண்ணு.

அது எதுக்கு மலருக்கு. சரி, கேட்டுட்ட. எட்டாம் மாசம் பொறக்கறதுக்கு முன்னாடியே பொறந்துட்டா. ஒண்ணே கால் கிலோ. எனக்கு வலிப்பு வந்து நினைப்பே இல்ல, கண்ணத் திறக்கவே ஒரு நாள் ஆச்சு, அப்புறமும் கையத் தூக்க முடியல. அந்த ஆஸ்பத்திரில குறைமாசக் குழந்தைய சூட்டுல வைக்கற பெட்டி ஒண்ணுதான், அதுலயும் வேற குழந்தை. நர்ஸம்மா சொன்னாங்க, யாராவது சட்டைய அவுத்துட்டு நெஞ்சோட நெஞ்சா வெச்சுக்கணும், ஒடம்பு சூட்டுலதான் அது பொழைக்கணும்னு. இவரு வெச்சுக்கிட்டாரு. ரெண்டு நாள். அசையாம. நர்ஸுங்க எல்லாம் வந்து வந்து எட்டிப் பாத்தாங்க, ஒரு ஆம்பளைக்கு இவ்வளவு பக்குவமான்னு. எனக்கு அந்தப் படுக்கைல கெடந்தபடியே பெருமை தாங்கல. பக்குவம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியுமே.

மூணாம் நாள் காலைல முகாம் டிரைவர் வந்து நின்னாரு. பசை ரெண்டு நாளாப் பால் குடிக்கல, கண்ணு உள்ள போயிடுச்சு, டாக்டரம்மா கையப் பிசையறாங்கன்னாரு. இவரு எழுந்தாரு. எழுந்து குழந்தையத் துணியில சுத்தி என் பக்கத்துல வெச்சாரு. நான், போகாதீங்கன்னேன். வாய் கோணிக் கெடந்துச்சு, சரியாக்கூட வரல. அதுக்கு என்ன சொன்னாரு தெரியுமா? இங்க நர்ஸ் இருக்காங்க, டாக்டர் இருக்காங்க, நீ இருக்க. அங்க அதுக்கு யாரு இருக்கா? சொல்லிட்டு சட்டைப் பொத்தானப் போட்டுக்கிட்டே போயிட்டாரு.

ஐயோ, நீ ஏம்மா கண்ணத் தொடைக்கற. கேளு. நர்ஸம்மா முறை போட்டு வெச்சுக்கிட்டாங்க, அவங்களுக்கும் முப்பது படுக்கை பாக்கணும். அஞ்சாம் நாள் போயிட்டா. பேரு வைக்கல. நுரையீரல் முத்தல, யாரு வெச்சிருந்தாலும் இதான் நடந்திருக்கும்னு டாக்டர் சொன்னாரு. இருக்கலாம். நானும் பொய் சொல்லமாட்டேன், இருக்கலாம்.

புதைக்கறதுக்கு வந்தாரு. வரலன்னு யாரும் சொல்லக் கூடாது. தலையில ஒரு வைக்கோல் துரும்பு ஒட்டிட்டு இருந்துச்சு. மண்ணத் தள்ளி முடிக்கறதுக்குள்ள ரெண்டு தடவை கைக்கடிகாரத்தப் பாத்தாரு. கண்ணுல ஒரு சொட்டு இல்ல. விதின்னாரு. எங்க அக்கா, ஆம்பளைங்க உள்ளுக்குள்ள அழுவாங்கடின்னு சொன்னா. இருக்கும்னு நெனச்சேன்.

எனக்குப் பால் கட்டிக்கிச்சு. குடிக்க ஆள் இல்ல, அதுக்குத் தெரியுமா? கல்லு மாதிரி வலிக்கும். கொல்லைத் தொட்டியில நின்னு பீச்சி விடுவேன். ஒரு நாள் இவரு சட்டை மாத்த வந்தவரு அதப் பாத்துட்டு, அடடா வீணாப் போகுதேன்னாரு. வாய் தவறித்தான் வந்துச்சு. புட்டி புட்டியாக் கரைச்சு ஊத்தற வேலைல இருக்கற மனுஷன், பாலப் பாத்தா அப்படித்தான் வரும். நான் ரவிக்கைய இழுத்து விட்டுக்கிட்டு உள்ள போயிட்டேன்.

அப்புறம் நானே போய் டாக்டரம்மாகிட்ட வேலை கேட்டேன். வீட்டுல சும்மா இருந்தாப் பைத்தியம் பிடிச்சுடும் போலிருக்கு, ஏதாவது குடுங்கன்னு. அவங்களும் பொம்பளைதானே, பால் ரூம்ல போட்டாங்க. கைய முழங்கை வரைக்கும் கழுவணும், வெந்நீர ஆற வெச்சு சூடு பாக்கணும், பவுடரத் தலை தட்டின கரண்டியால அளக்கணும். என் கையளவு ஒரு நாளும் தப்பினதில்லன்னு இன்னைக்கும் சொல்லுவாங்க. கேட்டுப் பாரு.

என்னது, அட்டைப்படமா? குடு, கண்ணாடிய எடுத்துக்கறேன். ம்... இதா. இந்தப் படந்தான் போடுவீங்கன்னு எனக்குத் தெரியும். பசை கடைசியாப் படுத்திருந்தப்போ எடுத்தது. அதோட நெத்தில இவரு நெத்திய வெச்சு அழறாரு பாரு. இத ஒரு பத்திரிகைக்காரர் எடுத்துப் போட்டாரு, அதுக்கப்புறந்தான் இந்த முகாம்னு ஒண்ணு இருக்கறதே ஊரு உலகத்துக்குத் தெரிஞ்சுது. ஸ்கூல் புஸ்தகத்துல கூட வந்துச்சாம். எத்தனை தடவை பாத்தாலும் நல்லாத்தான் இருக்கு.

எது? ஓரத்துலயா? ஆமா, புட்டிய நீட்டற கை. என் கைதான். தோளோட வெட்டிட்டாங்க, வளையல் தெரியுது பாரு. அந்தக் கடைசி ஒன்பது நாள் மட்டும் என்கிட்டயும் குடிச்சுது. இவரு சட்டைய நான் போட்டுக்கிட்டுப் போனேன், அந்த வாசனைக்கு.

அந்தப் புட்டில இருக்கறது பசும்பால்.

ஏன் பேனா நின்னு போச்சு? பசும்பால் யானைக்குட்டிக்கு ஆகாதும்மா. அந்தக் கொழுப்பு செரிக்காது. வயித்தால போகும், போய்க்கிட்டே இருக்கும், ஒடம்புல தண்ணியே இல்லாமப் போயிடும். முகாமுக்கு யாரு வேலைக்கு வந்தாலும் மொத நாள் மொத வார்த்தை அதான் சொல்லிக் குடுப்பாங்க. எனக்கும் சொன்னாங்க. ஆளுங்களுக்கு டீ போடக் கேன்ல பால் வரும், அதுல பாதி, பவுடர் பாதி. நிறமும் ஒண்ணுதான். ஒன்பது நாள். டாக்டரம்மா என்னென்னவோ மருந்து குடுத்தாங்க, குளுக்கோஸ் ஏத்தினாங்க. கடைசில பல்லு முளைக்கற வயசு, அதான் பேதின்னு எழுதிட்டாங்க. முளைக்கற வயசுதான், பொய்யில்ல.

தெரியாமப் பண்ணேனா? நீ நல்ல பொண்ணு, எனக்கு ஒரு வழி விட்டுக் குடுக்கற. தெரிஞ்சுதான் பண்ணேன்.

அது வலில முனகும். தும்பிக்கைய நீட்டி என் கழுத்தத் தடவும், யாருன்னு பாக்க. சட்டை வாசனை இருக்கும், சமாதானமாயிட்டுக் குடிக்கும். எனக்குப் பாவமா இல்லையான்னா, இருந்துச்சு. அதுமேல எனக்கு என்ன பகை? அது ஒரு வாயில்லாச் சீவன், அம்மாவப் பறிகொடுத்துட்டு வந்தது. இருந்தும் அடுத்த புட்டியக் கலக்கினேன். இந்த மனுஷனுக்குக் கண்ணுல தண்ணி வருமா வராதான்னு எனக்குத் தெரிஞ்சாகணும். அவ்வளவுதான்.

வந்துச்சு. நீதான் பாக்கறியே, படத்துல. அப்படி ஒரு அழுகை. செத்தது சாயங்காலம். அஞ்சு பேரு பிடிச்சு இழுத்துத்தான் அது மேலேர்ந்து இவர எடுத்தாங்க. நான் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன். என் மடியில தலைய வெச்சுக்கிட்டு, என் குழந்தை போச்சே என் குழந்தை போச்சேன்னு அரற்றினாரு. நான் முதுகத் தடவிக் குடுத்தேன். கண்ணு அசந்தவரு திடீர்னு எழுந்து உக்காந்து புட்டிக்கு நேரமாச்சேன்னாரு. இனிமே புட்டி இல்லங்க, படுங்கன்னேன். படுத்துக்கிட்டாரு. அன்னைலேர்ந்துதான் சட்டத்த மதிச்சு முறைக்கு முறை வீட்டுக்கு வர ஆரம்பிச்சாரு. அடுத்த வருஷம் பெரியவன் பொறந்தான். நல்ல அப்பா. குறை சொல்ல முடியாது. அதுக்கப்புறம் என் கையால எழுபது குட்டிக்கு மேல பால் குடிச்சிருக்கு, ஒண்ணு கூட வயித்துக் கோளாறுல போனதில்ல.

அவருக்கா? தெரியாது. நான் எதுக்குச் சொல்லணும்? இத்தனை வருஷம் எத்தனையோ பேரு இந்தப் படத்த எங்கிட்டக் காட்டியிருக்காங்க. எல்லாரும் அவரு அழறதப் பத்தியே கேட்டாங்க. அந்தக் கை யாருதுன்னு ஒருத்தரும் கேக்கல. நீதான் கேட்ட. கேட்டா சொல்லலாம்னு இருந்தேன், சொல்லிட்டேன்.

எழுதறதும் எழுதாததும் உன் இஷ்டம். படத்துக்குக் கீழ பேரு போடணும்னு சொன்னியே, அதுக்கு ரொம்ப யோசிக்காத. அவரு பேரப் போடு, குட்டி பேரப் போடு. கைக்கு, ‘பால் கொடுப்பவர்: மனைவி’ன்னு போட்டுடு, போதும்.